ஞாயிற்றுக்கிழமை அழுகை

அப்பாவோடு பூங்காவுக்குப் போனால் பொடியன் அழுவதில்லை. அம்மாவோடு போனாலும் அழுவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கூட்டிக்கொண்டு போனால்தான் அழுதான்.

பசியாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். அவித்த முட்டையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டே அழுதான். மூத்திரம் முட்டுகிறதோ என்று மரத்தடிக்குக் கூட்டிப்போனால் அதை முடித்துக்கொண்டு வந்து அழுதான். எறும்பு கடித்ததோ என்று சட்டையைக் கழற்றி உதறினார்கள். வெற்றுடம்போடு அழுதான். மூன்று வயதுப் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வான்? ஊமை கண்ட கனவு மாதிரி அவனுக்குத் தெரியும், சொல்லத் தெரியாது.

பூங்கா மூன்று தெரு தள்ளி இருந்தது. நுழையக் காசு கிடையாது. லாரி டயரைச் சங்கிலியில் தொங்கவிட்ட இரண்டு ஊஞ்சல், பத்து மணிக்கு மேல் தொடை சுடும் தகரச் சறுக்கு, ஒரு மணல்குழி, கைப்பிடி தேய்ந்துபோன ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குடும்பத்துக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே உல்லாசம் அதுதான். ரொட்டியும் வாழைப்பழமும் முட்டையும் ஒரு பையில், தண்ணீர் ஒரு புட்டியில். பெரியவளுக்கு ஐந்து வயது. அவள் வாசலைத் தாண்டும்போதே ஓடத் தொடங்கிவிடுவாள். பொடியன் பெஞ்சு வரைக்கும் வருவான், அப்பா அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான், உதடு கோணும். அப்புறம் தொடங்கும். பெரிய கூச்சல் இல்லை. நிறுத்தாமல் ஓடுகிற பம்பு மாதிரி ஒரே சீராக ஒரு முனகல்.

அப்பாவுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. மதியம் இரண்டரைக்கு டிப்போவில் கையெழுத்துப் போட வேண்டும். திரும்புவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பிள்ளைகள் கண் விழிக்கும் முன் கிளம்பிப்போய், ஆள் நின்றுகொண்டே உள்ளே நுழையக்கூடிய பெரிய எந்திரங்களில் படுக்கை விரிப்புகளைத் திணித்து, எடுத்து, நீராவி உருளையில் விட்டு மடித்து அடுக்குவாள். எட்டு மணி நேரம். அப்பா காலையில் இரண்டையும் எழுப்பி, குளிப்பாட்டி, பெரியவளைப் பள்ளியில் விட்டு, பொடியனோடு மதியம் வரை இருப்பார். ஒன்றரைக்கு அம்மா வருவாள். அவள் உள்ளே வர, அவர் வெளியே போவார். மூன்று மணிக்குப் பெரியவளைக் கூட்டிவருவது அம்மாவின் பாடு. பிள்ளையை யாரிடமும் விடாமல் இரண்டு சம்பளம் வருவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது. இரண்டு வருஷமாக ஓடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒன்றைக் கவனித்தாள். புட்டியில் தண்ணீர் பிடிக்க அவள் குழாயடிக்குப் போனதும் அழுகை நின்றது. திரும்பி வந்தாள், தொடங்கியது. மறுபடி எழுந்து மரத்துக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். பொடியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து வாழைப்பழத்தோலைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

அவள் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்து, கோடு விழுந்து கிடக்கும். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லாட்டி சிரிக்கிறான்" என்றாள்.

அப்படியெல்லாம் இருக்காது என்று அவர் சொன்னார். அவருடைய வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது, மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். அதனால் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய்ச் சறுக்குக்குப் பின்னால் நின்றார். அப்போதும் பொடியன் அழுகையை நிறுத்தினான். அம்மா மடியில் ஏறி முட்டைக்கு வாய் திறந்தான். அவர் வந்தார், மறுபடி உதடு கோணியது. அவளால் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அவர் கேட்டார். தன்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். களைத்த மனம் தனக்கு எதிரான சாட்சியை மட்டும்தான் வாங்கி வைத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் அவளுடைய அக்கா போன் செய்தாள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி, பின்பக்கம் தோட்டம் உள்ள வீடு. பொடியன் பள்ளிக்கூடம் சேர்கிற வரைக்கும், அதாவது ஒன்றரை வருஷம், தன்னிடம் விடச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது கெட்ட எண்ணமில்லை. அக்காவின் குரலில் ஆசையும் இருந்தது, தங்கைக்கான இரக்கமும் இருந்தது. அம்மா அழுகையைப் பற்றிச் சொன்னதும் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் அவன் முன்னால சண்ட போடறீங்களாடி?"

"சண்ட போடறதுக்கும் ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கணும்ல அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லாது என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் அழுகிறான் என்றால் அங்கே என்னவோ சரியில்லை என்றாள். இந்த மாதக் கடைசி ஞாயிறு வருகிறேன், துணிமணி எடுத்து வை என்றாள். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் தலையாட்டுவதுபோல் வாய் சொல்லிவிட்டது. கடைசி ஞாயிறுக்கு இடையில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

அன்றிரவே சொல்ல மனம் வராமல், மறுநாள் மதியம் வாசலில் எதிர்ப்பட்டபோது விஷயத்தைச் சொன்னாள். அவர் கருவிப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றார். அவன் என்ன இரவல் கொடுக்கிற குடையா என்று கேட்டார். அவருக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. அப்பா அடுப்படியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அறையில் பிள்ளைகள் துணி மாட்டும் கிளிப்புகளை வைத்து விளையாடினார்கள். பெரியவளுக்குக் கிளிப்புகள்தான் பொம்மை. நீலம் அப்பா, சிவப்பு அம்மா, மஞ்சள் இரண்டும் பிள்ளைகள். சோப்புப் பெட்டி பஸ். கவிழ்த்த கிண்ணம் பூங்கா. சற்று நேரத்தில் அவள் புகார் கொண்டுவந்தாள்.

"அப்பா, இவன் வெளையாட்டயே கெடுக்கறான். எல்லாரையும் பார்க்ல எறக்கி விட்டா அப்பாவத் தூக்கிட்டுப் போயி கட்டிலுக்கடியில போட்டுடறான்."

அவர் கத்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை செய்து காட்டு என்றார். பெரியவள் நீலத்தையும் சிவப்பையும் கிண்ணத்தருகே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பொடியன் உடனே நீலத்தை எடுத்தான். கோபமாக இல்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறவன் மாதிரி அதைக் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்து, டாட்டா சொல்லிவிட்டு வந்து, சிவப்போடு நிம்மதியாக விளையாடினான். சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தை மட்டும் வைக்கச் சொன்னார் அப்பா. பொடியன் தொடவில்லை. சிவப்பைத் திரும்ப வைக்கச் சொன்னார். நீலம் போய்விட்டது. நான்கு தடவை பார்த்தார். நான்கு தடவையும் அதே.

லிஃப்ட் நின்றுவிட்டால் எல்லோரும் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். பாதி நேரம் அது கெட்டிருக்காது. எந்த மாடியிலாவது ஒரு கதவு அரை விரல் திறந்திருக்கும். கதவு சரியாக மூடாவிட்டால் நகரக்கூடாது என்பது அதற்குப் போட்ட கட்டளை. சொன்னதைத்தான் அது செய்கிறது. பொடியனும் அப்படித்தான் என்று அவருக்குப் புரிந்தது. இரண்டு வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நின்று அவன் பார்த்தது தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு, வாசலில், ஐந்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்து நிமிஷத்தின் முடிவில் ஒருவர் போனார். காலையில் அம்மா போவதை அவன் பார்ப்பதில்லை, தூங்கிக்கொண்டிருப்பான். ராத்திரி அப்பா வருவதையும் பார்ப்பதில்லை. ஆக அவனுக்குத் தெரிந்த உலகத்தில் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒருவர் போகப்போகிறார் என்று அர்த்தம். பூங்காவில் அவன் அழுதது ஊசிக்கு முன்னால் அழுகிற அழுகை. ஒருவர் எழுந்து போய்விட்டால் ஊசி போட்டாயிற்று. பிறகு எதற்கு அழ வேண்டும்? பெரியவளுக்கு இந்தப் பாடம் இல்லை. அவள் சின்னவளாக இருந்தபோது அம்மா வேலைக்குப் போகவில்லை. இப்போதும் ஒன்றரை மணிக்கு அவள் பள்ளியில் இருக்கிறாள்.

இவ்வளவையும் மதியம் வாசலில் சொல்ல நேரம் கிடையாது. அலமாரிக் கதவில் ஒரு நோட்டு தொங்கும். எண்ணெய் தீர்ந்தது, பெரியவளுக்கு இருமல் மருந்து இரண்டு வேளை, குழாய்க்காரர் நாளை வருவார் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது அதில்தான். அப்பா அதில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். கிளிப்புகளைப் படம் போட்டு, அம்புக்குறியும் போட்டார். ராத்திரி வந்து பார்த்தபோது கீழே ஒரே வரி இருந்தது. 'அப்போ என்னைப் பார்த்து இல்லையா?'

அதற்குக் கீழே எழுதினார். 'இல்லை. நம்மைப் பார்த்து.'

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது எந்திரங்களுக்குச் சரி. அடுத்த ஞாயிறு பூங்காவுக்குப் போனதும் அப்பா மண்டியிட்டு, பொடியனின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சொன்னார். "அப்பா இன்னிக்கு எங்கயும் போகமாட்டேன்டா கண்ணா. அம்மாவும் போகமாட்டா. சரியா?"

பொடியன் அவர் முகத்தைப் பார்த்தான். இதுவரை அழாத அளவுக்கு அழுதான். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பிள்ளைக்குக் காதுவலியாக இருக்கும் என்று யோசனை சொன்னார்.

அம்மா அலுப்போடு, ஒரு சின்னச் சிரிப்பும் கலந்து சொன்னாள். "தினம் இதையேதான சொல்லிட்டுப் படியெறங்கறீங்க?"

உண்மைதான். மதியம் கிளம்பும்போது பொடியன் அழுதால் நேரமாகிவிடும் என்று, அம்மா அவனை ஜன்னலோரம் காக்கா காட்டக் கூட்டிப்போவாள். அப்பா எங்கயும் போகலடா, இங்கதான் இருக்கேன் என்று குரல் கொடுத்துக்கொண்டே அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்குவார். இரண்டு பேரும் கூடிச் செய்த தந்திரம். அழாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடு செய்தது. அவருடைய போகமாட்டேன் என்ற சொல்லுக்குப் பிள்ளையின் அகராதியில் இப்போதே போகிறேன் என்று பொருள்.

"அப்ப இனிமே நான் எதச் சொன்னா நம்புவான்?"

"எதச் சொன்னாலும் நம்பமாட்டான். சூடு கண்ட பூனை. அவன் நம்ம மூஞ்சியப் பாக்கறதே இல்ல, பாருங்க."

அவர் பார்த்தார். பொடியன் அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கண் இரண்டு பேரின் காலிலும் இருந்தது. ஒரு கையால் அப்பாவின் ஷூ லேஸைப் பிடித்திருந்தான். ஆளுக்கு ஒரு ஜோடி ஷூதான். வேலைக்கும் அதுதான், பூங்காவுக்கும் அதுதான். முனையில் இரும்பு வைத்த அவருடைய தோல் ஷூவும், வழுக்காத அடிப்பாகம் கொண்ட அவளுடைய துணி ஷூவும். வீட்டில் யாராவது ஷூவைப் போட்டு லேஸைக் கட்டினால் கதவு திறக்கும், ஆள் போகும். வாய் பொய் சொல்லலாம். லேஸ் பொய் சொன்னதில்லை.

அன்றைக்கும் பாதியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பெரியவள் அழுதாள். இவனால் ஒரு ஞாயிறுகூடச் சறுக்கில் ஏறி முடிக்க முடியவில்லை என்று அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அம்மா அன்று ராத்திரி பொடியனை அக்காவோடு அனுப்ப எடுத்து வைத்த பையில் எதையும் வைக்கவில்லை. அவர் வீட்டில் இருந்தும், வழக்கம்போல் நோட்டில் எழுதினாள். 'நாளையிலிருந்து ஏமாற்ற வேண்டாம். சொல்லிவிட்டே போங்கள். அழட்டும்.'

அழுதான். திங்கள் அன்று படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி அழுதான். மூன்றாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். செவ்வாயும் அப்படியே. அப்பா இரண்டு நாளும் தாமதமாகப் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். புதன்கிழமை பொடியன் கதவுக்கு உள்ளே நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, தானே ஜன்னலுக்குப் போய் அப்பா தெருவைக் கடப்பதைப் பார்த்தான். அது தேறுதல் இல்லை. ஆனால் நேர்மையான அழுகை. அம்மாவும் கூடவே நின்று பார்த்தாள்.

ஷூவைப் பற்றி வெள்ளிக்கிழமை நோட்டில் ஒரு விவாதம் நடந்தது. ஷூவை ஒளித்து வைத்துவிடலாம் என்று அவர் எழுதினார். ஒளித்தால் அதுவும் தந்திரம், தேடுவான் என்று அவள் எழுதினாள். தண்ணீரில் போட்டுவிடலாம், நனைந்த ஷூவை யார் போட முடியும் என்று அவர் எழுதினார். சலவைக்காரிக்குச் சலவையைப் பற்றிச் சொல்லக்கூடாது. தோலை நனைத்தால் காய்ந்து வெடித்துவிடும், புதிய ஷூ யார் வாங்குவது என்று கேட்டுவிட்டு, அடியில் நான்கு வரி எழுதினாள். அதைப் படித்து அவர் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தார்.

கடைசி ஞாயிறு அக்கா ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். பொடியனுக்கு ஒரு புதுச்சட்டை கொண்டுவந்திருந்தாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி நான்கு பேரும் குந்தியிருந்தார்கள். பொடியன் தன் அப்பாவின் ஷூவிலிருந்து லேஸை உருவிக்கொண்டிருந்தான். முனை ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் வெளிவரும்போது எண்ணினான். அவன் எண்ணிக்கையில் மூன்றுக்குப் பிறகு எட்டு வந்தது. பெரியவள் ஷூவுக்குள் பாதம் படுகிற உள்ளட்டைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். நுரை முழங்கை வரை ஏறியிருந்தது.

"வாங்கண்ணி. காலத் தள்ளி வைங்க, வழுக்கும்" என்றார் அப்பா.

"என்ன தம்பி, வந்தவள நிக்க வச்சு ஷூ கழுவறீங்க?"

"உங்க தங்கச்சிதான் இன்னிக்கு மேஸ்திரி. அவளக் கேளுங்க."

பெரியம்மாவும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பொடியன் கேட்டான். லேஸ் இல்லாத செருப்பு என்பதால் விட்டுவிட்டான்.

பத்து மணிக்கு எல்லோரும் ரப்பர் செருப்போடு பூங்காவுக்குப் போனார்கள். அக்கா பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தேர்வு எழுதுகிற பிள்ளையைக் கண்காணிக்க வந்தவள் மாதிரி இருந்தது. பொடியன் பெஞ்சு வரை வந்தான். இரண்டு பேரையும் பார்த்தான். குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தான், அம்மாவின் காலைப் பார்த்தான். அம்மாவின் செருப்பை ஒரு விரலால் தொட்டான். உதடு கோணுவதுபோல் இருந்தது. அப்பா எங்கோ பார்த்தார்.

"லேஸ் ஈரம்" என்றான் பொடியன்.

"ஈரம்தான்" என்றாள் அம்மா.

அவன் மணல்குழிக்குப் போனான்.

பத்தரைக்கு அப்பா அவனையும் பெரியவளையும் ஒரே டயரில் உட்கார வைத்து ஆட்டினார். அம்மா எதிரில் நின்று அவர்கள் காலைப் பிடித்துத் தள்ளினாள். பதினொன்றுக்கு அவன் சறுக்கில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதான். அக்கா நிமிர்ந்தாள். அது சிராய்ப்புக்கான அழுகை, ஊதிவிட்டதும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன் என்று அக்கா சொன்னாள். பார்த்தாள். அம்மா வாழைப்பழத்தைக் கையில் பாதி உரித்தபடி பெஞ்சிலேயே தூங்கிப்போனாள், தலை அக்காவின் தோளில் சரிந்தது. வாரத்தில் ஆறு நாள் விடியும் முன் எழுகிறவள். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பழத்தை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்து, ஓடிவந்த பொடியனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மணிக்கு வீட்டில் அக்கா புதுச்சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டுப் பார்த்தாள். தோள் சற்றுப் பெரிது. அடுத்த வருஷம் சரியாக இருக்கும் என்றாள். கிளம்பத் தன் கைப்பையை எடுத்தாள்.

"அனுப்பலக்கா" என்றாள் அம்மா. "கோச்சுக்காத."

"கோவம் என்னடி. எனக்கும் கண்ணு இருக்கு." கொடியில் காய்ந்துகொண்டிருந்த லேஸ்களைப் பார்த்தாள். "ஆறு மாசமா அழுதவன். அப்படி என்னதான் பண்ணீங்க?"

"காலைல நீ பாத்தியே, எங்க ரெண்டு பேரு லேஸையும் உள்ளட்டையையும் அவனையே உருவச் சொல்லி சோப்புத் தண்ணில போட்டுட்டோம். பிழியாம நெழல்ல போட்டா சாயங்காலமாகும் காய. அது காயற வரைக்கும் ரெண்டு பேருல யாரும் போகமுடியாதுன்னு அவனுக்கே தெரியும்."